வேண்டியவர், வேண்டாதவர்: மேலதிகாரியோடு உள்ள உறவு எப்போது முடிவாகிறது?

எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு பிரிவு, எல்லோருக்கும் ஒரே மேனேஜர். அவர் எப்படிப்பட்டவர் என்று எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர், "நல்ல மனுஷன், என்ன பிரச்சினைன்னாலும் போய்ப் பேசலாம்" என்பார்கள். இன்னும் மூன்று பேர், "வேலையைக் கொடுப்பாரு, முடிச்சுட்டோமான்னு பாப்பாரு, அவ்வளவுதான்" என்பார்கள். மீதி இரண்டு பேர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை, மற்ற மூவரும் மிகைப்படுத்தவில்லை. அவரவருக்குக் கிடைத்த மேனேஜரைத்தான் அவரவர் சொல்கிறார்கள்.

நம் அலுவலகங்களில் இதற்குத் தனியாகப் பெயர் தேட வேண்டியதில்லை. "அவரு சாருக்கு வேண்டியவரு" என்றாலே விஷயம் புரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கூட ஒரு மாதத்துக்குள் யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று சரியாகச் சொல்லிவிடுவார். தெரியாமல் இருப்பவர் பெரும்பாலும் மேனேஜர் ஒருவர்தான். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஐம்பது ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் விஷயம் இது. சரிசெய்யும் வழியையும் அதே ஆய்வுகள் காட்டுகின்றன.

1970-களின் தொடக்கம்வரை தலைமைப் பண்பைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஒரு மேலதிகாரிக்குக் கீழே இருக்கும் எல்லோரிடமும் கேள்வித்தாள் கொடுப்பார்கள், பதில்களைக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள், அதுதான் அவருடைய 'தலைமைப் பாணி' என்று எழுதுவார்கள். ஒருவர் பதிலுக்கும் இன்னொருவர் பதிலுக்கும் இருந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழைக் கணக்கில் போனது. ஃப்ரெட் டான்செரோ, ஜார்ஜ் கிரேன், வில்லியம் ஹாகா மூவரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பிழையைத்தான் கையில் எடுத்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் விடுதிப் பிரிவில் 60 மேலாளர்களை ஒன்பது மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு மேலதிகாரியையும் அவருக்குக் கீழே இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனி ஜோடியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்திலேயே கீழே இருப்பவரிடம் இரண்டு விஷயங்கள் கேட்டார்கள். உங்கள் வேலையை மாற்றி அமைத்துக்கொள்ள உங்கள் மேலதிகாரி எவ்வளவு இடம் கொடுப்பார்? வேலையில் உங்களுக்கு ஒரு சிக்கல் வந்தால் தன் செல்வாக்கைப் பயன்படுத்தித் தீர்த்து வைப்பாரா? 'இடம் கொடுப்பார்' என்று சொன்னவர்களுக்கு அடுத்த மாதங்களில் தகவல் முன்னதாகக் கிடைத்தது, முடிவுகளில் பங்கு கிடைத்தது, சுவையான வேலை கிடைத்தது. அவர்களும் கடிகாரம் பார்க்காமல் வேலை செய்தார்கள். மற்றவர்களுக்குப் பணி ஆணையில் எழுதியிருப்பது மட்டும் கிடைத்தது, அவர்களும் அதில் எழுதியிருப்பதை மட்டும் செய்தார்கள். பெரும்பாலான பிரிவுகளில் இந்த இரண்டு வகையினரும் ஒரே மேலதிகாரிக்குக் கீழேயே இருந்தார்கள்.

முதல் ஐந்து நாள்

இந்தப் பிரிவினை திறமையைப் பார்த்து நடந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாக வேலை செய்பவரை நம்புவது நியாயம்தானே? ஆனால் 1993-இல் ராபர்ட் லைடன், சாண்டி வெய்ன், டீன் ஸ்டில்வெல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த 166 பேரையும் அவர்களுடைய நேரடி மேலதிகாரிகளையும் தொடர்ந்து பார்த்தார்கள். சேர்ந்த முதல் ஐந்து நாளுக்குள் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன எதிர்பார்த்தார்களோ, அதுவே இரண்டு வாரம் கழித்தும் ஆறு வாரம் கழித்தும் உறவு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது. 'இவர் நம்மைப் போன்றவர்' என்ற எண்ணமும் பிடித்துப்போவதும் அடுத்த காரணங்கள். வேலைத் திறனுக்கும் பங்கு இருந்தது, ஆனால் பிடித்துப்போவதற்கு இருந்த பலம் அதற்கு இல்லை.

இன்னொன்றையும் அந்த ஆய்வு பார்த்தது. வயது, பாலினம், படிப்பு போன்றவற்றில் இருவரும் உண்மையிலேயே ஒத்திருக்கிறார்களா என்பது அங்கே பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஒத்திருப்பதாகத் தோன்றுவதுதான் மாற்றியது. நம் ஊரில் அந்தத் தோற்றம் ஊர்ப்பெயரிலிருந்தோ கல்லூரிப் பெயரிலிருந்தோ, சாதியைத் தெரிந்துகொள்வதற்காகவே கேட்கப்படும் 'எந்தப் பக்கம் நீங்க?' என்ற கேள்வியிலிருந்தோ பிறக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே இங்கே இன்னும் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் கருத்து.

ஐந்து நாளில் ஒருவர் என்ன வேலையைக் காட்டிவிட முடியும்? லாகின் கிடைக்கவே மூன்று நாள் ஆகும். அந்த ஐந்து நாளில் மேனேஜர் பார்ப்பதெல்லாம் பேச்சு, நடை, உடை, கேள்வி கேட்கும் விதம், மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு போனார் என்பவை மட்டும்தான். இவ்வளவு குறைந்த சரக்கை வைத்து எழுதப்படும் தீர்ப்பு வருடக்கணக்கில் நிற்கிறது.

அது ஏன் நிற்கிறது என்பதற்கும் விடை இருக்கிறது. டோவ் ஈடன், ஆபிரகாம் ஷானி இருவரும் இஸ்ரேல் ராணுவத்தில் செய்த சோதனை 1982-இல் வெளியானது. 15 வாரப் படைத் தலைமைப் பயிற்சி, 105 பயிற்சியாளர்கள், நான்கு பயிற்றுநர்கள். இவர்களுக்குத் தலைமைத் திறன் அதிகம், இவர்களுக்குச் சாதாரணம், இவர்களைப் பற்றி இன்னும் தெரியவில்லை என்று மூன்று வகையாகப் பிரித்துப் பயிற்றுநர்களிடம் பட்டியல் கொடுத்தார்கள். உண்மையில் அந்தப் பிரிவினை குலுக்கல் முறையில் செய்தது. பயிற்சி முடிவில் தேர்வு வைத்தபோது, 'திறன் அதிகம்' என்று எழுதப்பட்டவர்கள் உண்மையாகவே மேலே வந்திருந்தார்கள். பயிற்சியின் மேல் அவர்களுக்கு விருப்பமும் கூடியிருந்தது, தங்கள் பயிற்றுநரையும் உயர்வாக மதிப்பிட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தை ஜான்-பிரான்சுவா மன்சோனி, ஜான்-லூயி பார்சூ இருவரும் 1998-இல் எழுதினார்கள். கீழே போகும் சுழல் அது. அது எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வார அறிக்கையை மாலை ஆறுக்குப் பதில் மறுநாள் காலை ஒன்பதுக்கு அனுப்புகிறார். கிளையிலிருந்து எண்கள் தாமதமாக வந்தது காரணம். மேனேஜர் காரணத்தைக் கேட்கவில்லை, 'கொஞ்சம் மெதுவான ஆள்' என்று மனதில் குறித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் நான்கு மணிக்கே போன் செய்து "ரிப்போர்ட் ரெடியா?" என்கிறார். அதற்கடுத்த வாரம் மின்னஞ்சலில் தன்னையும் சேர்க்கச் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்தவர் 'நம்மை நம்பவில்லை' என்று புரிந்துகொண்டு, சின்ன முடிவுக்குக்கூட அனுமதி கேட்க ஆரம்பிக்கிறார். 'சொந்தமா ஒண்ணும் யோசிக்க மாட்டேங்கிறாரு' என்று மேனேஜர் அடுத்த குறிப்பை எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து அப்ரைசலில் 'முன்முயற்சி குறைவு' என்று எழுதும்போது அது முழு உண்மையாகவே ஆகியிருக்கும். இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. காரணம் கேட்காத அந்த முதல் காலை ஒன்பது மணியிலிருந்து எல்லாம் தொடங்கியது.

மேலே இருந்து பார்த்தால் தெரியாது

ஒரே உறவைப் பற்றி மேலதிகாரியிடமும் கேட்டு, கீழே இருப்பவரிடமும் கேட்டால் இரண்டு பதிலும் ஒத்துப்போகுமா? ஷார்லட் கெர்ஸ்ட்னர், டேவிட் டே இருவரும் 1997-இல் 79 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். இரு தரப்புப் பதில்களுக்கும் இடையே இருந்த ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.29. முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0. கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகக் கேட்டு, தங்கள் குடும்ப வாழ்க்கை பற்றி இந்த அளவுக்குத்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால் நாம் கவலைப்படுவோம். அலுவலகத்தில் இந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் "என் டீம்ல எல்லாரும் என்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க" என்கிறார்கள்.

இந்த உறவை அளக்கப் பரவலாகப் பயன்படுவது ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். ஜார்ஜ் கிரேனும் மேரி உல்-பியனும் 1995-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பெயர் பெற்றது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 7 முதல் 35 வரை. அதன் சாரத்தை நம் பேச்சில் சொன்னால்: என் வேலையில் அவருக்குத் திருப்தியா இல்லையா என்று எனக்குத் தெரிகிறதா? என் வேலையில் உள்ள கஷ்டம் அவருக்குப் புரிகிறதா? என்னால் என்ன முடியும் என்று அவருக்குத் தெரியுமா? சிக்கல் வந்தால் தன் பதவியைப் பயன்படுத்தி உதவுவாரா? தனக்கு நஷ்டம் வந்தாலும் என்னைக் காப்பாற்றுவாரா? அவர் இல்லாத இடத்தில் அவர் எடுத்த முடிவுக்காக நான் பேசுவேனா? மொத்தத்தில் எங்கள் உறவு எப்படி?

25-க்கு மேல் வந்தால் உறவு பலமாக இருக்கிறது, 15-க்குக் கீழே வந்தால் மிகவும் பலவீனம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் படிவமாக அச்சடித்துக் கீழே இருப்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். எட்டுப் பேர் உள்ள பிரிவில் பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்தோ, நிரப்பிய நேரமோ காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் 33 போடுவார்கள். மேனேஜர் செய்ய வேண்டியது வேறு. ஒரு தாளை எடுத்து, எட்டுப் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் இந்தக் கேள்விகளுக்கு என்ன போடுவார் என்று தானே ஊகித்து எழுத வேண்டும். எந்தப் பெயருக்கு எதிரே பேனா தயங்கி நிற்கிறதோ, அந்த ஆளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்று பொருள்.

ஊகத்தை நம்பாதவர்கள் கணக்கைப் பார்க்கலாம். கடைசியாகக் கொடுத்த பத்து நல்ல வேலைகள் (வாடிக்கையாளரை நேரில் பார்ப்பது, தலைமை அலுவலகத்துக்குப் போவது, புதிய மென்பொருளை முதலில் கற்றுக்கொள்வது போன்றவை) யார் யாருக்குப் போயின? போன மாதம் யாரோடு தேநீர் குடிக்கப் போனீர்கள்? அலுவலகக் குழுவுக்கு வெளியே தனி வாட்ஸ்அப்பில் யாருக்கெல்லாம் செய்தி அனுப்பினீர்கள்? மூன்று பட்டியலிலும் அதே இரண்டு மூன்று பெயர்கள் வந்தால், வேண்டியவர் யார் என்று இனி யாரையும் கேட்க வேண்டாம். தேநீர்க் கடைதான் முக்கியமானது. மறுநாள் மீட்டிங்கில் வரப்போகும் விஷயம் அங்கே பேசப்பட்டுவிடும், அங்கே போகாதவர் முதல்முறையாகக் கேட்டு யோசிப்பதற்குள் முடிவு எடுத்தாயிற்று என்பார்கள்.

எது பலன் தந்தது

கிரேனும் சக ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட கள ஆய்வு என் பார்வையில் இந்தத் துறையிலேயே அதிகம் பயன்படக்கூடியது. ஓர் அரசு அலுவலகத்தின் சேவைப் பிரிவில் மேலாளர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்புகள் ஆறு நடத்தினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேலாளரும் தனக்குக் கீழே இருந்த ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து 20 முதல் 30 நிமிடம் பேசினார். வேலையில் என்ன கஷ்டம், ஒருவரிடம் ஒருவர் என்ன எதிர்பார்க்கிறார்கள், எப்படி உதவிக்கொள்ளலாம் என்பதே பேச்சு. தன் கருத்தைத் திணிக்காமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது மேலாளருக்குச் சொல்லப்பட்டது. உற்பத்தித்திறன் 19 சதவீதம் உயர்ந்தது. டெரி ஸ்காண்டுராவும் கிரேனும் 1984-இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, ஆரம்பத்தில் மேலாளரோடு மோசமான உறவில் இருந்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது. ஏற்கெனவே வேண்டியவராக இருப்பவரிடம் இன்னும் அரை மணி நேரம் பேசினால் கிடைப்பது கொஞ்சம்தான். ஒதுக்கப்பட்டவரிடம் பேசும்போதுதான் அந்த அரை மணி நேரம் பல மடங்காகத் திரும்பி வருகிறது.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று விவரமாகவே சொல்கிறேன். ஒருவருக்கு 25 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எட்டுப் பேர் என்றால் 200 நிமிடம், வாரத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம்தான் ஆகிறது. கிழமையும் நேரமும் மாறக் கூடாது. கண்ணாடி அறையில் எல்லோரும் பார்க்க உட்கார வைத்தால் "எதுக்குக் கூப்பிட்டாரு?" என்ற விசாரணை வெளியே தொடங்கிவிடும். எட்டுப் பேரையும் முறைவைத்துக் கூப்பிட்டால் அந்த விசாரணை மூன்றாவது வாரம் தானாக அடங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் அவர் என்று உட்காராமல் மூலையைப் பகிர்ந்து உட்காருங்கள். போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது போதாது, இழுப்பறைக்குள் போய்விட வேண்டும்.

கேட்க மூன்று கேள்விகள் போதும். "போன ரெண்டு வாரத்துல எந்த வேலை நீங்க நினைச்சதைவிட அதிக நேரம் எடுத்துச்சு?" "என் பக்கத்துலேர்ந்து என்ன வந்திருந்தா அது சீக்கிரம் முடிஞ்சிருக்கும்?" "நான் ஏதாவது தெரியாம முடிவெடுத்த மாதிரி உங்களுக்குத் தோணுச்சா?" கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பெரும்பாலான மேனேஜர்கள் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள்.

ஒதுங்கியே இருந்தவரிடம் முதல் தடவை கேட்டால் "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் ஓகே" என்றுதான் வரும். பத்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். அதை நம்பி அடுத்த தடவையை ரத்து செய்துவிடக் கூடாது. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ மிகச் சின்னதாக ஒன்று வெளியே வரும். நாற்காலியின் சக்கரம் உடைந்திருக்கிறது, ஒரு மென்பொருளில் தனக்கு மட்டும் அனுமதி வரவில்லை, சனிக்கிழமை ஷிஃப்ட் தொடர்ந்து மூன்று வாரமாகத் தனக்கே விழுகிறது. இது ஒரு பரீட்சை, எழுதப்போவது மேனேஜர். இரண்டு நாளுக்குள் சரிசெய்துவிட்டால் அடுத்த தடவை உண்மையான பிரச்சினை வரும். "பாக்கறேன்" என்று சொல்லி மறந்துவிட்டால், பேசுவதற்கு முன்பு இருந்ததைவிட நிலைமை மோசமாகிவிடும். ஆகவே ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் அவர் கேட்டதையும் வலப்பக்கம் நீங்கள் செய்ததையும் தேதியோடு எழுதுங்கள். ஒவ்வொரு சந்திப்பையும் அந்த வலப்பக்கத்தைப் படித்துக்காட்டித் தொடங்குங்கள். முடியாமல் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். முதலாவது, 25 நிமிடமும் டார்கெட் விசாரணையாக மாறிவிடுவது. அதற்கு வேறு மீட்டிங் இருக்கிறது. இரண்டாவது, வேலை நெருக்கும்போது யாருடைய சந்திப்பை முதலில் ரத்து செய்கிறோம் என்பது. பேச அதிகம் இல்லாதவருடையதைத்தான் முதலில் அடிப்போம், அவர்தான் வேண்டாதவர். ரத்து செய்தே ஆக வேண்டும் என்றால் நெருக்கமானவருடையதை ரத்து செய்யுங்கள். மூன்றாவது, இங்கே கேட்டதை அங்கே சொல்வது. ஒருமுறை நடந்தால் போதும், எட்டுப் பேரும் "ஓகே சார்" கட்சியில் சேர்ந்துவிடுவார்கள்.

குறை சொல்லும்போது

தட்டிக் கேட்டால் வேலை ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறவர்களும், பாராட்டினால் நடக்கும் என்று நம்புகிறவர்களும் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்செலோ டெனிசி இருவரும் 1996-இல், வேலை பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன விளைகிறது என்று 607 விளைவு அளவீடுகளை, 23,663 கவனிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், கருத்துச் சொன்ன பிறகு வேலை இன்னும் மோசமானது.

அவர்கள் தந்த விளக்கம் நம் அனுபவத்தோடு ஒத்துப்போகும். சொன்ன வார்த்தை கேட்பவரின் கவனத்தை வேலையிலிருந்து எடுத்து, 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன்மேல் போட்டுவிட்டால் பலன் குறைகிறது. பாராட்டுக்கும் இது பொருந்தும். "கவனமே இல்லாம வேலை பாக்கறீங்க" என்பது ஆளைப் பற்றியது. அதைக் கேட்டவர் அன்று முழுக்க அதையே அசைபோடுவார், அடுத்த தவறும் அன்றே வரும். "செவ்வாய்க்கிழமை அனுப்பின ஸ்டேட்மென்ட்ல 14-ஆவது வரியில ஜிஎஸ்டி தொகை ரெண்டு தடவை கூட்டியிருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி மொத்தத்தை லெட்ஜரோட ஒத்துப் பாத்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும்" என்பது வேலையைப் பற்றியது. எந்த வரி, என்ன தவறு, எந்த இடத்தில் பிடிக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், குழு வாட்ஸ்அப்பில் போடக் கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாய் திறக்காத அலுவலகம்

ஏமி எட்மண்ட்சன் இரண்டு மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நல்ல குழுவாக இயங்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. எண்கள் தலைகீழாக வந்தன: நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறை வெளியே சொல்ல முடிந்தது, மற்ற வார்டுகளில் மறைத்தார்கள் என்பதே காரணம். 'என் பிரிவில் புகாரே வராது' என்று பெருமைப்படும் மேனேஜர் இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் மறைக்கிறார்கள்? மேலதிகாரி திட்டுவார் என்பதால் மட்டும் இல்லை. ஜேம்ஸ் டெட்டர்ட்டும் எட்மண்ட்சனும் 2011-இல் காட்டியபடி, எந்த மேலதிகாரியிடம் போனாலும் ஆட்கள் தங்களோடு கொண்டுபோகும் நம்பிக்கைகள் ஐந்து உண்டு. இந்த முறை சரியில்லை என்று சொன்னால், அதை உருவாக்கியவரையே குறை சொன்னதாகிவிடும். முழு ஆதாரமும் தீர்வும் கையில் இல்லாமல் பேசக் கூடாது. நேரடி மேலதிகாரியைத் தாண்டி மேலே போகக் கூடாது. நாலு பேர் முன்னால் அவருக்குத் தர்மசங்கடம் தரக் கூடாது. பேசினால் பதவி உயர்வு போய்விடும். இவை பள்ளிக்கூடத்திலிருந்தே வருபவை. ஆகவே "என் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்று அறிவித்தால் யாரும் உள்ளே வரப்போவதில்லை. மேனேஜர்தான் எழுந்து போக வேண்டும், அதுவும் குறிப்பான கேள்வியோடு: "போன மாசம் நான் கொண்டுவந்த புது படிவம் எந்த இடத்துல சொதப்புது? தீர்வு இப்ப வேண்டாம், சொதப்பற இடம் மட்டும் போதும்." ஐந்தில் முதல் இரண்டையும் இந்த ஒரு கேள்வியே கழற்றிவிடுகிறது. தன்னுடைய படிவம்தான் என்று அவரே சொல்லிவிட்டார், தீர்வும் கேட்கவில்லை.

கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாளைப் பற்றி ஜெரால்ட் க்ரீன்பெர்க் 1990-இல் எழுதிய ஆய்வு ஒன்று போதும். ஒரே நிறுவனத்தின் மூன்று தொழிற்சாலைகள். ஒப்பந்தங்கள் கை நழுவியதால் இரண்டில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் பிடித்தார்கள். ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து, கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒன்றரை மணி நேரம் பேசினார். இன்னொன்றில் 15 நிமிடத்தில் அறிவித்துவிட்டுப் போனார்கள். சம்பளம் பிடித்த இரண்டு ஆலைகளிலும் திருட்டு கூடியது, ஆனால் 15 நிமிடத்தில் முடித்த ஆலையில் மிக அதிகம். பிடித்த தொகையில் வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, நம் ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. தாமஸ் ராக்ஸ்டூலும் சக ஆய்வாளர்களும் 2012-இல் 23 நாடுகளிலிருந்து 282 மாதிரிகளைத் தொகுத்தார்கள். மேலதிகாரியோடு உறவு நன்றாக இருப்பதற்கும், வேலைத் திருப்தி, வேலையை விட்டுப் போகும் எண்ணம், நம்பிக்கை போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பு மேற்கு நாடுகளில் கூடுதல் வலுவாக இருந்தது. ஆசிய நாடுகளிலும் தொடர்பு உண்டு, அளவுதான் கொஞ்சம் குறைவு. வேலைத் திறனோடு உள்ள தொடர்பில் வித்தியாசமே தெரியவில்லை. இந்தியச் சூழலுக்கென்றே யோசித்தவர் உளவியலாளர் ஜே.பி.பி. சின்ஹா. அக்கறையும் வேலைக் கண்டிப்பும் சேர்ந்த தலைமை இங்கே பலிக்கும் என்று 1980-இலேயே எழுதினார். அந்த அக்கறை வேலையோடு பிணைந்திருக்க வேண்டும், ஆள் வளர வளர முடிவெடுக்கும் பொறுப்பு அவர் கைக்கு மாற வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் மறுபாதி. நம் அலுவலகங்களில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டு விசேஷம்வரை விசாரிக்கும் மேனேஜர் பத்து ஆண்டு ஆனாலும் கையெழுத்து அதிகாரத்தை யாருக்கும் தரமாட்டார். அதை அக்கறை என்று நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

கடைசியாக, மேனேஜர் மாறும் நாள். பழையவர் புதியவரைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போய், "அவன் தங்கம். இவரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று ஆட்களைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். வேண்டியவர் பட்டியலும் வேண்டாதவர் பட்டியலும் அப்படியே கைமாறுகின்றன. முதல் ஐந்து நாள் எவ்வளவு பாரமானது என்று தெரிந்த பிறகு இதை அனுமதிக்கக் கூடாது. புதியவர் வேலைகளின் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு, "ஆட்களைப் பத்தி ஆறு வாரம் கழிச்சு நானே உங்களுக்குப் போன் பண்றேன்" என்று சொல்லிவிடலாம். பிறகு அந்த ஐந்து நாளுக்குள் எட்டுப் பேரையும் தலா 25 நிமிடம் பார்க்க வேண்டும். வரிசையைப் பெயரின் அகர வரிசைப்படி வைத்துக்கொண்டால், யார் முதலில் கூப்பிடப்பட்டார் என்று யாரும் கணக்குப் போடமாட்டார்கள்.